பதமும் நேரமும்: விலை குறைந்த ரொட்டி இயந்திரத்தை வீட்டில் பயன்படுத்துதல்

வீட்டு ரொட்டி இயந்திரம் எளிய கருவி. கடைகளில் பிரெட் மேக்கர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிசையும் பிளேடு பொருந்திய உள்பாத்திரம், அந்த பிளேடைச் சுழற்றும் மோட்டார், பாத்திரத்தின் அடியைச் சுற்றி ஓடும் வெப்பக் கம்பி, இவற்றை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்று கட்டளையிடும் சிறு மின்னணுப் பலகை. இவ்வளவுதான் உள்ளே இருப்பது. வெப்பநிலையை அறியும் உணரி ஒன்று உட்சுவரில் ஒட்டியிருக்கும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் ரொட்டி வெளியே வரும். மிக மலிவான இயந்திரத்திலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மின்னணுப் பலகைக்குத் தெரிந்தது நேரம்; பதம் தெரியாது. மாவு போதுமான அளவு உப்பிவிட்டதா, இன்னும் கால் மணி நேரம் விட வேண்டுமா என்று அது பார்ப்பதில்லை. குறித்த நிமிடம் வந்ததும் கம்பியைச் சூடேற்றிவிடும். மாறாத அந்த நேர அட்டவணைக்குள் மாவு தன் பதத்துக்கு வந்து சேரும்படி செய்வதே இயந்திரத்தைக் கையாளும் திறமை. நல்ல ரொட்டியும் கெட்ட ரொட்டியும் அங்கேதான் பிரிகின்றன.

அட்டவணை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்கலாம். சாதாரண வெள்ளை ரொட்டிக்கான நிரலில் முதல் பத்து நிமிடம் போல மெதுவாகக் கலந்து பிசையும். பிறகு சிறிது ஓய்வு. அடுத்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகமாகப் பிசையும். அதன்பின் கம்பி இலேசாகச் சூடேறி மாவை உப்ப வைக்கும். இடையில் ஓரிரு முறை பிளேடு சில சுற்றுகள் சுற்றி, திரண்ட காற்றை அடக்கும். கடைசி உப்பலுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வேகுவதற்கும் அதே அளவு நேரம். முந்திரி, உலர்திராட்சை போன்றவை சேர்க்க இரண்டாம் பிசைதலின் முடிவில் ஒரு மணியோசை எழும். முன்கூட்டியே போட்டால் பிளேடு அவற்றை அரைத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நிமிடங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேட்டில் அந்த அட்டவணை இருந்தால் அதைப் படியெடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவைப்பது பெரிதும் உதவும். எந்த நிமிடத்தில் மூடியைத் திறக்கலாம், எந்த நிமிடத்துக்குப் பிறகு தொடவே கூடாது என்பது அதில் இருக்கிறது.

கையால் பிசைவதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. பின்னாளில் பானாசோனிக் என்று பெயர் மாறிய ஜப்பானின் மாட்சுஷிதா மின்னியல் நிறுவனம் 1980களின் நடுவில் வீட்டு ரொட்டி இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றபோது மேற்பரப்பு கருகி உள்ளே வேகாத ரொட்டிதான் கிடைத்தது. அந்தக் குழுவில் மென்பொருள் வல்லுநராக இருந்த இகுகோ தனகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் மாவை இழுப்பதோடு நிற்காமல் இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார் என்பதைத் தனகா கவனித்தார். அந்த முறுக்கலை இயந்திரத்துக்குள் கொண்டுவர உள்பாத்திரத்தின் சுவரில் வரிவரியாகப் புடைப்புகள் வைக்கப்பட்டன. பிளேடு மாவைத் தள்ளும்போது புடைப்பு அதைப் பிடித்து நிறுத்தும். மாவு இழுபட்டு முறுக்கேறும். 1987இல் அந்த இயந்திரம் சந்தைக்கு வந்தது. அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று ஆராய்ந்த இகுஜிரோ நொனகாவின் எழுத்துகளால் இந்த நிகழ்ச்சி மேலாண்மை வகுப்புகளில் புகழ்பெற்றது. ரொட்டி சுடுகிறவர்களுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இதில் உண்டு. பிசைதல் என்ற கடினமான பகுதி அன்றே தீர்க்கப்பட்டுவிட்டது. இன்றைய மலிவான இயந்திரமும் மாவை நன்றாகவே பிசைகிறது. விலை உயர்ந்த இயந்திரம் கூடுதலாகத் தருவது வேறு வசதிகளை: மூடியில் இன்னொரு வெப்பக் கம்பி, ஈஸ்ட்டைத் தனியே வைத்திருந்து நேரம் பார்த்துப் போடும் சிறு பெட்டி, அறையின் வெப்பத்துக்கேற்ப அட்டவணையை மாற்றும் திறன், மின்சாரம் போனாலும் மறக்காத நினைவு. இவை இல்லாத குறையைப் பயன்படுத்துகிறவரின் கண்ணும் கையும் ஈடுசெய்ய வேண்டும், முடியவும் முடியும்.

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டுப் பிசைபடும்போது இவை பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியிடும் கரியமில வாயு அந்த வலையில் சிக்குவதால் மாவு உப்புகிறது. மேலைநாட்டு ரொட்டி மாவில் புரதம் 12 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். நம் கடை மைதாவில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதனால் அது குடிக்கும் தண்ணீரும் குறைவு. வெளிநாட்டுக் கையேட்டில் உள்ள அளவை அப்படியே பின்பற்றினால் மாவு தளர்ந்து, ரொட்டியின் நடுப்பகுதி குழிந்துபோவதற்கு இதுவே முதல் காரணம்.

400 கிராம் மைதாவுக்கு 245 மில்லி தண்ணீர், 7 கிராம் உப்பு, 16 கிராம் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய் அல்லது எண்ணெய், 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்ற அளவு தொடங்குவதற்கு ஏற்றது. நடுத்தரப் பாத்திரம் கொண்ட இயந்திரத்துக்கு இது பொருந்தும். சிறிய இயந்திரமானால் எல்லாவற்றையும் நாலில் மூன்று பங்காகக் குறைக்கலாம். இந்த அளவுகளைத் தராசில் நிறுப்பது அவசியம். இயந்திரத்தோடு வரும் கோப்பையில் மைதாவை அள்ளினால், சலித்த மாவு 120 கிராம் இருக்கலாம், அழுத்தி அள்ளிய மாவு 150 கிராம் இருக்கலாம். மூன்று கோப்பைக்கு இந்த வேறுபாடு 90 கிராம் வரை போகும். அவ்வளவு பிழையை எந்த நிரலும் தாங்காது. இயந்திரத்துக்குச் செலவழிப்பதில் சிறு பங்கை ஒரு டிஜிட்டல் தராசுக்கு ஒதுக்குவது, விலை உயர்ந்த இயந்திரம் வாங்குவதைவிடப் பயன் தரும்.

நிறுத்துப் போட்டாலும் பதம் பார்க்காமல் விடக்கூடாது. மழைக்காலத்து மாவு ஈரம் ஏறியிருக்கும், கோடையில் காய்ந்திருக்கும், ஆலைக்கு ஆலை மாவும் வேறுபடும். இயந்திரத்தின் மூடியைத் திறக்கக்கூடாது என்று பலர் அஞ்சுகிறார்கள். பிசையும் நேரத்தில் தாராளமாகத் திறக்கலாம். திறந்தே தீர வேண்டும். தொடங்கி ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் மாவு ஒரே உருண்டையாகத் திரண்டு, சுவரைவிட்டு விலகி, பிளேடோடு சுழல வேண்டும். அடியில் மட்டும் சற்றே ஒட்டலாம். விரலால் தொட்டால் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, இலேசான பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். விரலில் அப்பிக்கொண்டு வரக்கூடாது. உருண்டை இரண்டு மூன்றாக உடைந்து ‘தடதட’வென்று மோதினால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும். உருண்டையே திரளாமல் கூழாகப் பரவினால் ஒரு மேசைக்கரண்டி மாவு தூவலாம். சேர்த்தபின் இரண்டு நிமிடமாவது காத்திருந்து பார்த்துத்தான் மறுபடி சேர்க்க வேண்டும், ஏனெனில் மாவு தண்ணீரை உடனே இழுத்துக்கொள்வதில்லை. மூலைகளில் உலர்ந்த மாவு ஒதுங்கியிருந்தால் ரப்பர் கரண்டியால் நடுவே தள்ளிவிடலாம். இந்தச் சில நிமிடக் கவனிப்பை விட்டுவிட்டு வேறெதை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

தமிழ்நாட்டுச் சமையலறையில் அடுத்த பெரும் சிக்கல் வெப்பம். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஈஸ்ட் சீராக வேலை செய்யும். இயந்திரங்களின் அட்டவணை, மிதமான வெப்பமுள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சென்னையின் மே மாதத்தில் அறையும் 34 டிகிரி, டப்பாவில் உள்ள மாவும் 34 டிகிரி. பிளேடு உரசுவதால் மாவு இன்னும் சில டிகிரி சூடாகும். இந்நிலையில் ஈஸ்ட் அட்டவணையை முந்திக்கொண்டு ஓடும். கம்பி சூடேறுவதற்குள் மாவு உப்பி, உச்சத்தைத் தாண்டி, வலை தளர்ந்து, வேகத் தொடங்கும்போது அமுங்கிவிடும். புளித்த வாடையும் சேர்ந்துகொள்ளும். அடுமனைக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய வெப்பநிலையை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், உரசலால் ஏறும் வெப்பம் மூன்றையும் கழித்தால் தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பநிலை கிடைக்கும். 26ஐ மூன்றால் பெருக்க 78. இரண்டு 34 சேர்ந்து 68. உரசலுக்கு 6 என்று வைத்தால், மிஞ்சுவது 4. குளிர்பதனப் பெட்டியில் வைத்த தண்ணீரின் வெப்பநிலை அது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லும் கையேட்டை நம் கோடையில் ஒதுக்கிவைப்பதே சரி. ஈஸ்ட்டையும் கால் பங்கு குறைக்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் குளிரில் இதே கணக்கு வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் கேட்கும்.

இன்னொரு வழியும் உண்டு. ஈஸ்ட்டை முதலிலேயே போடாமல், மாவும் தண்ணீரும் பிசைபட்டு ஓய்வெடுத்த பின் இரண்டாம் பிசைதல் தொடங்கும்போது தூவுவது. தனி ஈஸ்ட் பெட்டி உள்ள இயந்திரங்கள் செய்வதும் இதைத்தான். மாவு அளவுக்கு மீறிப் புளிப்பதை அது தடுக்கிறது. மலிவான இயந்திரத்தில் அதைக் கையால் செய்ய ஆகும் உழைப்பு மூடியை ஒருமுறை திறப்பது மட்டுமே. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பொடி மாவில் தானாகக் கரைந்துவிடும். சற்றுப் பெரிய மணிகளாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் அப்படியல்ல. அதை முன்கூட்டியே இளஞ்சூடான தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதால் இந்த முறைக்கு ஒத்துவராது.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். எப்போது பிரித்தது என்று தெரியாத பொட்டலத்திலிருந்து சில்லறையாக வாங்கும் ஈஸ்ட்டில் பாதி செத்திருக்கக்கூடும். பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைத்தால் பல மாதம் நன்றாக இருக்கும். ஐயம் வந்தால் அரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைக்கலாம். பத்து நிமிடத்தில் நுரைத்து எழாத ஈஸ்ட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

உப்பு சுவைக்காக மட்டும் சேர்ப்பதல்ல. அது ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, குளூட்டன் வலையை இறுக்குகிறது. உப்பை மறந்த ரொட்டி கட்டுமீறி எழுந்து சரிந்துவிடும். சர்க்கரையும் பாலும் மேலோட்டைச் சிவக்க வைக்கும். கொழுப்பு ரொட்டியை மென்மையாக்கி அடுத்த நாளும் காயாமல் வைத்திருக்கும்.

இரவில் எல்லாவற்றையும் போட்டுவைத்து விடியலில் சூடான ரொட்டி எடுப்பது இயந்திரத்தின் பெரிய கவர்ச்சி. தாமத நேரப் பொத்தானால் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போடலாம். இதற்கு வரிசை முக்கியம். அடியில் தண்ணீர், அதை முழுதும் மூடும்படி மாவு, ஓரங்களில் உப்பும் சர்க்கரையும், மாவின் உச்சியில் சிறு குழி செய்து அதில் ஈஸ்ட். தண்ணீர் ஈஸ்ட்டைத் தொடாதவரை அது உறங்கும். பால், முட்டை, தயிர் போன்றவற்றை இந்த முறையில் போடவே கூடாது. நம் வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரத்துக்குள் அவை கெட்டு உடல்நலத்துக்கே தீங்காகலாம். பால் மணம் வேண்டுமென்றால் பால்பொடியை மாவுக்கு மேல் தூவலாம்.

முழுக் கோதுமை ரொட்டி பலருடைய விருப்பம். பலரைச் சோர்வடையச் செய்வதும் அதுவே. சப்பாத்திக்கான ஆட்டாவில் புரதம் மைதாவுக்குக் குறைந்ததல்ல. ஆனால் அதில் உள்ள தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை அறுக்கின்றன. கல்லில் அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் உடைவதால் அது தண்ணீரையும் மிகுதியாக இழுக்கும். 400 கிராம் ஆட்டாவுக்கு 290 மில்லி வரை தண்ணீர் தேவைப்படலாம். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு நிரலைத் தொடங்கினால் தவிடு மென்மையாகி அறுப்பது குறையும். முழுக் கோதுமைக்கென உள்ள நிரலின் தொடக்கத்தில் நீண்ட ஓய்வு இருப்பதும் இதற்காகவே. முதலில் பாதி மைதா, பாதி ஆட்டா என்று தொடங்கி, கை பழகப் பழக ஆட்டாவைக் கூட்டுவது நல்லது. கடையில் கிடைக்கும் குளூட்டன் பொடியை ஓரிரு மேசைக்கரண்டி சேர்த்தால் ரொட்டி மேலும் எழும். எப்படியானாலும் நூறு சதவீத ஆட்டா ரொட்டி கனமாகத்தான் இருக்கும். அது குறையல்ல, அந்த மாவின் இயல்பு. கடை வெள்ளை ரொட்டியின் பஞ்சுத்தன்மையை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேகும் கட்டத்தில்தான் மலிவான இயந்திரத்தின் குறை வெளிப்படுகிறது. கம்பி அடியில் மட்டும் இருப்பதால் பக்கங்களும் அடியும் சிவக்க, மேற்பகுதி வெளிறியிருக்கும். மெல்லிய சுவர்களும் மூடியில் உள்ள கண்ணாடியும் வெப்பத்தை இழக்கின்றன. கடைசி உப்பல் தொடங்கியபின் மூடியைத் திறக்கக்கூடாது என்ற விதி இங்கேதான் பொருந்தும். ரொட்டியின் நடுவெப்பநிலை 93 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி இல்லாவிட்டால் அடியைத் தட்டிப் பார்க்கலாம். உள்ளீடற்ற ஓசை கேட்க வேண்டும். வெந்ததும் பெரும்பாலான இயந்திரங்கள் ஒரு மணி நேரம் சூடாகவே வைத்திருக்கும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் உடனே எடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் உள்ளிருந்து வரும் ஆவி மேலோட்டை நனைத்துத் துவளச் செய்யும். எடுத்த ரொட்டியைக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டே அறுக்க வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசினாக ஒட்டும்.

ரொட்டியின் அடியில் பிளேடு விட்டுச்செல்லும் ஓட்டையை விரும்பாதவர்கள், கடைசிக் காற்றடக்கும் சுற்று முடிந்ததும் கையை நனைத்து மாவைத் தூக்கி, பிளேடை உருவிவிட்டு, மாவை நீளவாக்கில் உருட்டி மறுபடி வைக்கலாம். உருட்டிவைத்த மாவு சீராக எழும். ரொட்டியின் உள்ளமைப்பும் மேம்படும். அப்படியும் சிறு ஓட்டை ஒன்று மிஞ்சுவது, வேகும்போது பிளேடின் தண்டு நிற்பதால். அதைத் தவிர்க்க இயலாது.

மாவு பிசைந்து முதல் உப்பலோடு நிற்கும் நிரல் ஒன்று ஏறத்தாழ எல்லா இயந்திரங்களிலும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பதமான மாவு கிடைக்கும். வீட்டில் ஓவன் இருந்தால், மலிவான இயந்திரத்தின் மிகச் சிறந்த பயன் இந்த நிரல்தான். அது நன்றாகச் செய்யும் வேலையை அதனிடம் விட்டு, அரைகுறையாகச் செய்யும் வேலையை ஓவனிடம் கொடுத்துவிடலாம். தேங்காய் பன், பீட்சா, பாவ் என்று எதற்கும் இந்த மாவு உதவும். யாழ்ப்பாணத்து முறையில் சம்பலோடு உண்ணும் பாண் என்ற ரொட்டியையும், மாலைத் தேநீருக்கான பணிஸ் என்ற பன்னையும் இப்படிச் செய்துகொள்ளலாம். சப்பாத்தி மாவு, பரோட்டா மாவு போன்ற இறுகிய மாவைப் பிசைவது வேறு விஷயம். அதற்கெனச் செய்யப்படாத மோட்டாரும் வாரும் அதில் விரைவில் தேய்ந்துவிடும்.

கடை ரொட்டியில் பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோப்பியோனேட் போன்ற பொருள்கள் சேர்க்கிறார்கள். மாவை வலுப்படுத்தச் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தடைசெய்தது. வீட்டு ரொட்டியில் என்ன இருக்கிறது என்பது சுடுகிறவருக்கு முழுமையாகத் தெரியும். பலர் இயந்திரம் வாங்குவதற்கு இதுவே காரணம், வலுவான காரணமும்கூட. அதற்கு விலை உண்டு. ஈரப்பதம் மிகுந்த ஊரில் மூன்றாம் நாளே பூஞ்சை தலைகாட்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் ரொட்டி வெளியே இருப்பதைவிட விரைவில் வறண்டு இறுகும், ஏனெனில் மாவுச்சத்து மறுபடி இறுகுவது அந்த வெப்பநிலையில்தான் வேகமாக நடக்கிறது. இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்துக்கொண்டு, மீதியைத் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் போதும். உறைந்த துண்டுகளை நேராக டோஸ்டரில் போடலாம்.

ஒரு ரொட்டிக்கு ஆகும் மின்சாரம் பொதுவாக அரை யூனிட்டுக்குள் அடங்கும். மின்தடைதான் கவலை. நினைவு இல்லாத இயந்திரம், மின்சாரம் திரும்பியதும் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை மறந்து நின்றுவிடும். பிசையும்போது நின்றால் நிரலை முதலிலிருந்து தொடங்கலாம். உப்பும்போது நின்றால் மாவு தன் போக்கில் உப்பிக்கொண்டுதான் இருக்கும். பாத்திரத்தின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும், வேகவைக்க மட்டும் உள்ள நிரலைத் தொடங்கிவிடலாம். வேகும்போது நின்றாலும் அதே நிரல் கைகொடுக்கும், நீண்ட நேரம் ஆறிப்போகாதவரை.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின்புறச் சீட்டு. அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். பழைய இயந்திரம் வாங்குவோர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடித்தண்டின் வழியே கசிந்தால் அதன் அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். உட்பூச்சு உரிந்திருந்தாலும் பிளேடு காணாமல் போயிருந்தாலும், மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேச வேண்டும்; மலிவான இயந்திரங்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. பராமரிப்பு சிறிதளவே. உள்பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிவைத்தால் பிளேடு தானே கழன்றுவரும். உலோகக் கரண்டியால் சுரண்டக் கூடாது. பாத்திரத்தை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தவும் கூடாது, அடியில் உள்ள தண்டும் தாங்கியும் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பிளேடைப் பொருத்தும் முன் தண்டில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவினால் அடுத்த முறை கழற்றுவது எளிது.